நுண்ணோக்கியின் 40 மடங்கு லென்ஸில் பூஞ்சை, மாற்று லென்ஸ் பொருந்துமா?

வேதாரண்யம் பக்கம் உப்பளக் கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். வரும் மே மாதம் ஓய்வு. அதற்குள் பள்ளியின் ஒரே நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பழைய மாணவர் மாடல், கீழே ஆடி வைத்து வெளிச்சம் பிடிப்பது. பெயர்ப்பலகை உப்புக்காற்றில் எப்போதோ அரித்துப்போனது. லென்ஸ் உடலில் 160/0.17 (மி.மீ. கணக்கில் குழல் நீளம், மூடுகண்ணாடித் தடிமன்) என்று மட்டும் இருக்கிறது. 4, 10 மடங்கில் படம் தெளிவு. 40-க்குத் திருப்பினால் பால் ஊற்றியதுபோல் மங்கல். மழைக்காலம் முடிந்ததிலிருந்து இப்படித்தான். வெங்காயத் தோலுக்கு 10 போதும். ஆனால் கன்னத்துச் செல்லின் உட்கருவைப் பிள்ளைகளுக்குக் காட்ட 40 இல்லாமல் முடியவில்லை.

சிலைடு தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கண்ணருகு லென்ஸைச் சுழற்றினாலும் மங்கல் நகரவில்லை. லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு 40 மடங்கு லென்ஸை வெளியே துடைத்தும் பயனில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒட்டடை மாதிரி இழைகள். பூஞ்சைதான். இப்போது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன், அது பரவலைத்தான் தடுக்கும். கடைக்காரர் புதுக் கருவியே வாங்கச் சொல்கிறார் (அவருக்கென்ன!).

பிரித்துச் சேர்க்கத் துணிவில்லை, உள்ளே லென்ஸ்களின் இடைவெளி கலைந்துவிடும். 160/0.17 குறியீடும் ஆர்.எம்.எஸ். மரையும் (நுண்ணோக்கி லென்ஸ்களுக்கான பொதுத்தர மரை) உள்ள வேறு நிறுவனத்து 40 மடங்கு லென்ஸ் வாங்கினால், லென்ஸ்களைத் தாங்கும் இந்தச் சுழலியில் நேராகப் பொருந்திக் குவியுமா?