பொருள்: 'புள் அவுட் ஸ்ட்ரென்த்' – வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், உவர்மலை:
வணக்கம். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'புள் அவுட் ஸ்ட்ரென்த்' (pull-out strength) என்ற ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். முள்ளென்பின் காம்புக்குள் (pedicle, அதன் உடலையும் பின்வளைவையும் இணைக்கும் பகுதி) ஏற்றிய திருகாணியை அச்சு வழியே நேராக இழுத்தால், எந்த உச்ச விசையில் அது வெளியே வருகிறதோ அந்த அளவு. இப்போதைக்குப் 'பிடுங்கு வலு' என்று எழுதியிருக்கிறேன்.

பௌதிகவியல் ஆசிரியர், கிண்ணியா:
'வலு' வேண்டாம். உயர்தரப் பிள்ளைக்கு வலு என்றால் வாற்றில் (watt) அளப்பது. தமிழ்நாட்டில் அதைத் திறன் என்பார்கள், அது வேறு குழப்பம். நியூற்றனில் அளப்பதை விசை என்றே சொல்லுங்கள். கணக்கையும் சேருங்கள்: என்பின் கொய்வு வலிமை (shear strength, அறுபடாமல் தாங்கும் அளவு) × (π × புதைந்த நீளம் × வெளிவிட்டம்) × புரிக் காரணி (புரி என்பது ஆணியைச் சுற்றி ஓடும் திருகுவரை). காரணி = 0.5 + 0.577 × புரியின் ஆழம் ÷ புரியிடைத்தூரம். மற்றவை மாறாமல் விட்டம் 5.5 இலிருந்து 6.5 மி.மீ. ஆனால் விசை 18 வீதம் கூடும்.

என்பியல் வைத்தியர், திருகோணமலை:
கணக்கு சரி சேர். ஆனால் அந்தச் சமன்பாட்டில் ஆணியின் உலோகம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொய்யப்படுவது புரிகளுக்கிடையே சிக்கிய என்பு. அதனால் 'பிடிவலிமை' என்பேன். இன்னொன்று, நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் நேராக இழுப்பது ஆய்வுகூடச் சோதனை. உடலுக்குள் அப்படி யாரும் இழுப்பதில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் ஆணி மேலும் கீழும் ஆடித் துளையை அகட்டுகிறது. அப்படித் தளர்ந்தால் எக்ஸ்ரேயில் ஆணியைச் சுற்றிக் கருவளையம் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் பிழையாகப் படிப்பார்கள்.

இயன்மருத்துவர், உப்புவெளி:
'பிடிவலிமை' எங்களிடம் கைப்பிடியை அளக்கும் சொல் டொக்டர். நோயாளியின் அட்டையில் இரண்டும் கலந்துவிடும்.

தமிழாசிரியர், மூதூர்:
இரண்டு சொல் வேண்டுமென்றால் ஒரே வேரில் எடுக்கலாம். கழல் தன்வினை, கழற்று பிறவினை. தானே தளர்வது கழல்வு. இழுத்து எடுப்பது கழற்றுவிசை. தலைவி மெலிய வளை கழல்வது சங்க வழக்கு. என்பு மெலிய ஆணி கழல்வதற்கு இதைவிடப் பொருந்தும் வினை எது? திருகுக் கணிச்சி என்று நுண்ணளவு எடுக்கும் கருவிக்கு (screw gauge) பெயரிட்டோமே, பழந்தமிழில் கணிச்சி மழு. அந்தப் பழஞ்சொல்லையே பிள்ளைகள் பழகிக்கொள்ளவில்லையா?

சத்திரசிகிச்சைக் கூடத் தாதி, திருகோணமலை:
ஐயா, 'கழல்வு' அருமை. 'கழற்று' மட்டும் ஆபத்து. கூடத்தில் ஆணியைக் கழற்று என்றால் திருப்பி எடு என்றுதான் கேட்கும். கூம்பு வடிவ ஆணியை ஏற்றியபின் ஆழம் சரிசெய்யச் சற்றே பின்திருப்பினாலும் பிடி குறையக்கூடும். அதைக் கையேட்டில் எச்சரிக்கையாகவே எழுதவேண்டும். அங்கே இந்தச் சொல் இடறும்.

என்பியல் வைத்தியர்:
ஆம். அதே பக்கத்தில் இவையும் வரட்டும்: புரி வெட்டும் கருவி ஆணியைவிட 1 மி.மீ. சிறிதாக இருந்தால் பிடி காக்கப்படும். நலிந்த என்பில் என்புச் சீமெந்து (bone cement) ஏற்றினால் பிடி கூடும். அதை இளகலாக ஏற்றினால் முண்ணாண் (spinal cord) செல்லும் கால்வாய்க்குள் கசியக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர்:
சோதனைக்குப் 'பிடுங்குவிசை', உடலுக்குள் நடப்பதற்குக் 'கழல்வு'. நால்வர் உடன்பாடு. இன்றிரவு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், மூதூர்:
பிடுங்குவது பல்லை. வேரைப் பிரித்த இந்த இணையை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.