வகுப்பில் பிளஸ், மைனஸ் புள்ளி: உருப்படியாக நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சாக்பீஸ்தூள் (கேள்வி)

வணக்கம். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை நான். அடுத்த பருவத்திலிருந்து எங்கள் பள்ளி முழுவதும் புள்ளி முறை வரப்போகிறது. அச்சடித்த பட்டியல் கைக்கே வந்துவிட்டது. ஹோம்வொர்க் முடித்தால் 1 பிளஸ், அடுத்தவருக்கு உதவினால் 2 பிளஸ். லேட்டாக வந்தால் 1 மைனஸ், பாடம் நடக்கும்போது பேசினால் 2 மைனஸ், கைகலப்பு என்றால் 5. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வாராவாரம் வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். மைனஸ் 15 ஆனால் பெற்றோருக்கு அழைப்பு. பருவ முடிவில் முதல் மூன்று பேருக்குப் பரிசு.

அடிப்பதை, கத்துவதைவிட இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பட்டியலைப் படித்துக் காட்டியதுமே ஒரு பையன் எழுந்து, "மிஸ், போர்டு துடைக்கிறது உதவிதானே? அப்போ ரெண்டு தடவை பேசிட்டு ரெண்டு தடவை துடைச்சா கணக்கு சரியாயிடுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பட்டியல்படி அவன் சொல்வதில் தப்பே இல்லை!

இந்த முறையே வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. என் வகுப்புக்குள் எதையாவது மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதை மாற்றலாம்?

பழைய வாத்தியார்

அந்தப் பையனைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கமிட்டி போட்டு எழுதிய பட்டியலில் இருந்த ஓட்டையை அவன் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டான்.

பிளஸும் மைனஸும் ஒரே கணக்கில் சேர்வதுதான் இதில் பெரிய கோளாறு. சேர்ந்த நிமிடமே தப்புக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. விலை தெரிந்தால் வாங்குகிறவனும் இருப்பான். நான் ஒன்பதாம் வகுப்பு எடுத்தபோது, பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் இருக்கும் ஒரு பெண், வரிசையில் தனக்கு முன்னால் நின்ற சின்னப் பிள்ளையை இடித்துத் தள்ளிவிட்டு, "என்கிட்ட நிறைய இருக்கு சார், அஞ்சு கழிச்சுக்கோங்க" என்றாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை. அவள் மோசமான பெண்ணும் இல்லை. நாங்கள் போட்டுக் கொடுத்த கணக்கை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள்.

பெரியவர்களும் இப்படித்தான். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. கினீசி, ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். லேட்டாக வருபவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். அதுவரை "பாவம், அந்த ஆயா காத்திருப்பாரே" என்று ஓடி வந்தவர்கள், அதுதான் காசு கட்டுகிறோமே என்று நிதானமாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். லேட்டு மட்டும் குறையவில்லை.

ஆகவே டீச்சர், இரண்டு நோட்டு போடுங்கள். பிளஸ் நோட்டில் ஏறியது ஏறியதுதான், எதற்காகவும் அதிலிருந்து கழிக்காதீர்கள். மைனஸ் நோட்டு உங்களிடமே இருக்கட்டும். அலுவலகம் கூட்டுத்தொகை கேட்டால் கொடுங்கள், ஆனால் வகுப்பில் அந்தக் கணக்கைப் பேச வேண்டாம். கைகலப்புக்கெல்லாம் புள்ளியே பேசாதீர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, உடைந்ததைச் சரிசெய்ய வைத்து, அடிபட்டவனிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்க வைப்பதுதான் அதற்கு வழி. நேரம் பிடிக்கும், வேறு குறுக்குவழி கிடையாது.

முதல் மூன்று பேருக்குப் பரிசு என்பதும் வீண். இரண்டாம் வாரத்திலேயே அந்த மூன்று பேர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். மற்றவர்கள் எதற்காக முயல வேண்டும்? இத்தனை புள்ளி எடுத்தால் யாருக்கும் உண்டு என்று உங்கள் வகுப்பளவில் ஓர் எல்லை வையுங்கள். காசு செலவாகிற பரிசு வேண்டாம். பிடித்த இடத்தில் உட்காரலாம், கடைசி பீரியடில் எந்த விளையாட்டு என்று முடிவு செய்யலாம், அது போதும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் ஆசிரியை இல்லை, ஆனாலும் அந்தச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சின்னவன் வகுப்பிலும் இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எப்போதும் கடைசியில் இருந்த பையனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மைனஸ் ராஜா'. முதலில் அழுதான் என்று கேள்வி. அப்புறம் அந்தப் பெயரே அவனுக்குப் பட்டமாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதற்காகவே சேட்டை செய்ய ஆரம்பித்தான். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பையனைப் பார்க்கும் முன்பே தாளைப் பார்த்துவிட்டார். எண்ணை அவனிடமும் வீட்டிலும் சொல்லுங்கள் மிஸ். ஊருக்கெல்லாம் எதற்கு?

வளஅறை

சிறப்புக் கல்வி ஆசிரியர் நான். பழைய வாத்தியார் சார் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், கழிக்கவே கூடாது என்பதற்கு மட்டும் இல்லை. ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு) உள்ள சில பிள்ளைகளுக்கு, நன்றாக நடந்ததற்குக் கொடுத்த டோக்கனில் (பிறகு பரிசாக மாற்றிக்கொள்ளும் வில்லை) ஒன்றை அமைதியாக எடுத்துக்கொள்வது நன்றாகவே பலன் தருகிறது. ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் எடுப்பதைவிடக் கொடுப்பது பல மடங்கு இருக்க வேண்டும். கணக்கு ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. கடனில் விழுந்த பிள்ளைக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை, பிறகு அவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான். உங்கள் பட்டியலில் மைனஸ் 15 வரை இடம் விட்டிருப்பது அதனால்தான் ஆபத்து.

டோக்கன் முறை 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் அய்லன், அஸ்ரின் இருவரும் நடத்திப் பார்த்து வளர்த்தது. குறிப்பிட்ட ஒரு செயல், அதைச் செய்ததும் கையில் ஒரு டோக்கன், மாற்றிக்கொள்ள ஒரு பொருள். 'நல்ல நடத்தை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் புரியாது. திங்கட்கிழமை செய்ததற்கு வெள்ளிக்கிழமை தாளில் ஓர் எண் வருவதும் அப்படித்தான்.

ஒரே வகுப்பில் எல்லோரையும் சேர்த்துச் செய்ய வேண்டுமானால் 1969-ல் வெளிவந்த நல்ல நடத்தை விளையாட்டைப் பாருங்கள். நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, இடத்தை விட்டு எழுந்தால், குறுக்கே பேசினால் அணிக்கு ஒரு கோடு. கோடுகள் ஓர் எல்லைக்குள் இருந்தால் இரண்டு அணியும் ஜெயிக்கலாம், அதுதான் அதில் அழகு. அங்கேயும் ஒரு பையன் இனி விளையாட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனால் அணி முழுவதும் தோற்பது நியாயமில்லை என்று அவனைத் தனியாக எடுத்துவிட்டார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான், முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

சாக்பீஸ்தூள்

எல்லோருக்கும் நன்றி. தாளைச் சுவரில் ஒட்டாமல் இருக்க ஹெச்.எம்.மிடம் அனுமதி கேட்கப்போகிறேன். இன்னொரு சந்தேகம் சார். பரிசு கொடுத்துப் பழக்கினால் பிள்ளைகளுக்கு இயல்பான ஆர்வமே போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பழைய வாத்தியார்

பாதி உண்மை. அவர் சொல்வது 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலைப் பள்ளியில் செய்த சோதனையாக இருக்கும். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் வரையும் நேரம் மற்ற பிள்ளைகளில் பாதியளவுக்கு வந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, பிடித்துச் செய்கிற காரியத்துக்கு விலை பேசினால்தான் கெடுதல். கதைப் புத்தகம் படிப்பதற்குப் புள்ளி போடாதீர்கள். நோட்டு கொண்டுவருவது, மணியடித்ததும் உட்காருவது போன்று யாருக்கும் பிடிக்காத வேலைக்குப் போடுங்கள். பழகிய பிறகு மெல்ல நிறுத்திவிட்டு அடுத்த பழக்கத்துக்குப் போகலாம்.

வளஅறை நண்பர் சொன்னதையும் ஏற்கிறேன், பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் ஒரு பிள்ளைக்கென்று தனியாகச் செய்வது வேறு. நாற்பது பேருக்கும் ஒரே பட்டியலில் அது நடக்காது.

அப்புறம், மைனஸ் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் பீரியடையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பெயர்களை மறைத்துவிட்டு பீரியடை மட்டும் படியுங்கள். பாதி மைனஸ் ஒரே பீரியடில் குவிந்திருந்தால், பேச வேண்டியது பிள்ளைகளிடம் இல்லை. அந்தப் பீரியட் எடுப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், அதில் எனக்கு இதைவிட அனுபவம் அதிகம்.