என் மெயில் ஐடியை இவர்களுக்கு யார் கொடுத்தது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொளத்தூர் அப்பா:

கேட்காமலே வந்து குவியும் ஸ்பேம் மெயில் எல்லோருக்கும்தான் வருகிறது. பொதுவாகப் புலம்ப இதைத் தொடங்கவில்லை. ஒரே ஒரு மெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்து மாதங்கள் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

மகளை நீட் கோச்சிங்கில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் என் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தேன். நான் எங்கே கொடுத்தாலும் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, அந்த இடத்தின் பெயரையும் ஒட்டித்தான் கொடுப்பேன். அப்படி எழுதினாலும் மெயில் அதே பெட்டிக்கு வந்துவிடும், இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எந்த வழியாக முகவரி வெளியே போனது என்று பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரியில் ஒரு மெயில். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடும் ஏஜென்சி. தலைப்பிலேயே மகள் பெயர். உள்ளே, மாதிரித் தேர்வில் 720க்கு 283 எடுத்த உங்கள் மகளுக்கு இங்கே அரசு இடம் கிடைப்பது கடினம், ஜார்ஜியாவில் இடம் தயார் என்று எழுதியிருந்தது. அந்த மதிப்பெண் எனக்கே தெரியாது. அவள் வீட்டில் சொல்லவில்லை, சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். போனை அவளிடம் நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் மனிதன் ஒருவன் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, அவள் வாயால் வர வேண்டியதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

மெயில் வந்து சேர்ந்த என் முகவரியில் கோச்சிங் சென்டரின் பெயர் அப்படியே ஒட்டியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போன் செய்தேன். "நாங்க யாருக்கும் டேட்டா கொடுக்கிறதில்ல சார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். அவரைத் திட்ட மனம் வரவில்லை, அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மேலாளர் கூப்பிடுவார் என்றார். இன்றுவரை கூப்பிடவில்லை.

பனியன் ஊர்க்காரன்:

படித்ததும் வயிறு எரிகிறது சார். நம்மைப் பற்றி வெளியாளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்ற அதிர்ச்சி எனக்கும் உண்டு.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி, நான் மெர்ச்சண்டைசர். ஸ்பெயின் பையர், பல வருடப் பழக்கம். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டது, பேமென்ட் மட்டும் பாக்கி. நினைவூட்டலாம் என்று போன் போட்டால், "போன வாரமே அனுப்பிவிட்டோமே, நீங்கள் சொன்ன புது அக்கவுண்ட்டுக்கு" என்கிறார்.

எந்தப் புது அக்கவுண்ட்? மெயிலை எனக்கே திருப்பி அனுப்பினார். என் பெயர், என் கையொப்பம், என் மொபைல் எண், கம்பெனி லோகோ எல்லாம் இருக்கிறது. ஆடிட் நடப்பதால் வழக்கமான கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இந்த முறை மட்டும் இதில் போடுங்கள் என்று ஹங்கேரியில் ஒரு வங்கிக் கணக்கு. முகவரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. எங்கள் கம்பெனி பெயரில் ஒரு 'எம்' வரும். அந்த இடத்தில் சின்ன 'ஆர்', சின்ன 'என்' இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். ஒட்டி நின்றால் 'எம்' மாதிரியேதான் தெரியும்.

அதைக்கூட விடுங்கள். அந்த மெயிலின் கடைசி வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "நேவி ப்ளூவில் குறைந்த பீஸ்களை அடுத்த ஷிப்மென்ட்டில் சேர்த்துவிடுகிறோம்." நேவி ப்ளூவில் பீஸ் குறைந்தது எனக்கும் பையருக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம். அவன் எங்கள் மெயில்களை உட்கார்ந்து படித்திருக்கிறான். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், இன்வாய்ஸ் என்ற வார்த்தை வரும் மெயில் எல்லாம் வெளியே ஒரு முகவரிக்கு நகல் போகும்படி யாரோ விதி எழுதி வைத்திருந்தார்கள்.

வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்தோம். அதற்குள் அந்தக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். பையர் அதன்பிறகு ஆர்டர் தரவில்லை.

வைகைக்கரை:

திருப்பூர் நண்பருக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது ஸ்பேம் இல்லை, மோசடி. இரண்டையும் கலந்தால் பேச்சு எங்கேயோ போய்விடும். ஸ்பேம் என்றால் ஒரே மெயிலை லட்சக்கணக்கானவர்களுக்கு இறைப்பது. உங்களுடையது ஒருவரைக் குறிவைத்து அடித்தது.

எனக்கு வருவதெல்லாம் கடன் மெயில்கள். அப்பா ஐசியூவில் இருந்த நேரத்தில் 'மருத்துவச் செலவுக்கு உடனடிக் கடன்' என்று ஒன்று வந்தது. தற்செயலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த நேரத்தில் அதைப் பார்த்தபோது கை நடுங்கியது. அவ்வளவுதான் என் கதை.

இனி எல்லோரும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலாவது, அன்சப்ஸ்கிரைப் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். அழுத்தினால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று அவனுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி. அடுத்தது, படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்தி வையுங்கள். மெயிலுக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவு படம் வைத்திருப்பார்கள். மெயிலைத் திறந்ததும் அது அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும், திறந்த நேரம் அங்கே பதிவாகும். 2013 முதல் ஜிமெயில் படங்களைக் கூகுளின் சர்வர் வழியாகத்தான் காட்டுகிறது. அதனால் நீங்கள் இருக்கும் இடம் தெரியாது, ஆனால் திறந்துவிட்டீர்கள் என்பது தெரிந்துவிடும். வங்கிக்கு ஒரு ஐடி, கடை கண்ணிக்கு ஒரு ஐடி என்று பிரித்து வையுங்கள். ஸ்பேமுக்குப் பதில் எழுதித் திட்டாதீர்கள், அனுப்புநர் முகவரி பெரும்பாலும் வேறு யாரோ அப்பாவியுடையதாக இருக்கும்.

கொளத்தூர் சார், சட்டம் என்று போய் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். தேவையில்லாத போன், எஸ்எம்எஸ் என்றால் புகார் செய்ய 1909 என்ற எண் இருக்கிறது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. மெயிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சலைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்தப் பிரிவையே 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கருத்துச் சுதந்திரத்தைப் பார்த்தால் அது சரியான தீர்ப்புதான், ஆனால் ஸ்பேமுக்கு என்று அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

பழைய சர்வர்:

வைகைக்கரை, அன்சப்ஸ்கிரைப் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதிதான் சரி. நான் சென்னையில் மொத்த மெயில் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். அனுப்புகிறவர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முன்பின் தெரியாத லாட்டரி, மருந்து மெயிலா? அழுத்தக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களே பொருள் வாங்கிய கடை, கணக்கு வைத்திருக்கும் செயலி என்றால் தாராளமாக அழுத்துங்கள். 2024இல் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதிப்படி, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொட்டால் அவர்களுடைய மெயில் இன்பாக்ஸ் போய்ச் சேருவதே சிரமம். ஆயிரம் பேரில் மூன்று பேர், அவ்வளவுதான்! எங்கள் ஆபீஸில் அந்த எண்ணுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. அதனால் மெயிலைச் சும்மா அழிக்காதீர்கள், 'ஸ்பேம்' என்று குறியுங்கள். அவர்களுக்கு வலிப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு பயமும் உண்டு. ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் யாருமே பயன்படுத்தாத முகவரிகளைப் பொறியாக விட்டு வைத்திருக்கும். விலைக்கு வாங்கிய பட்டியலில் அப்படி ஒன்று இருந்து அதற்கு மெயில் போனால், நம் சர்வர் தடைப் பட்டியலில் ஏறிவிடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். 1978 மே மாதம் டிஇசி கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். அதைத்தான் முதல் ஸ்பேம் என்கிறார்கள். வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை, ஆனாலும் அதனால் விற்பனை ஆனது என்று அவரே பின்னாளில் சொன்னார். அனுப்பச் செலவு இல்லை, ஒருவர் வாங்கினாலும் லாபம். அன்றைக்கும் இன்றைக்கும் அதே கணக்குதான்.

சரி, என் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'பதில் அனுப்ப வேண்டாம்' என்று போட்டு அனுப்புகிற முகவரிக்கும் பதில்கள் வரும். அதை யாரும் படிப்பதில்லை. திரும்பி வந்த மெயில்களை நான் ஒருநாள் வகை பிரித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் தமிழில் ஒரு கடிதம். "என் கணவர் இறந்துவிட்டார். போன வருடமே எழுதினேன். இந்த வருடமும் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் தள்ளுபடியும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் போனை நான்தான் வைத்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்." பழைய பதில்களில் தேடினேன். முந்தைய வருடக் கடிதமும் இருந்தது, திறக்கப்படாமல். அந்தப் பெயரை உடனே நீக்கினேன். ஆனால் அதே பட்டியல் அதற்குள் வேறு வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்கும் நகலாகியிருந்தது. எல்லாவற்றையும் திறந்து பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. அந்த அம்மாவுக்கு அடுத்த பிறந்தநாளிலும் வாழ்த்து போயிருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஏடு தேடி:

பழைய சர்வர், அந்த அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வருகிற தொல்லை வேறு மாதிரி. நான் ஓலைச்சுவடிகளில் வேலை செய்கிறேன். 'மாண்புமிகு பேராசிரியரே' என்று அழைத்து, தோல் நோய் மாநாட்டில் சிறப்புரை ஆற்றக் கூப்பிடுவார்கள். கட்டுரை அனுப்பினால் சில நாட்களில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் இப்படிப்பட்ட இதழ்களைப் பட்டியல் போட்டு வந்தார். 2017இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்.

என் தோழி முனைவர் பட்டம் முடிக்கும் அவசரத்தில் ஒரு கட்டுரையை அனுப்பினாள். அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். அதிலேயே சந்தேகம் வந்து, வேண்டாம், திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. கட்டவில்லை. கட்டுரையைப் பெயரோடு போட்டுவிட்டார்கள். கைட் கொடுத்த திருத்தங்கள் எதுவும் இல்லாத அந்த முதல் வடிவம்தான் இன்றைக்கும் அவள் பெயரைத் தேடினால் முதலில் வருகிறது. நல்ல இதழ் ஒன்றுக்கு அதையே திருத்தி அனுப்பினாள், ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிட்டார்கள். மூன்று வருட உழைப்பு அது.

ஈரோடு அக்கா:

நீங்கள் எல்லோரும் பணம், பட்டியல், கட்டுரை என்று எழுதியிருக்கிறீர்கள். என் தம்பிக்கு வந்த மெயிலை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை, அறைக்கதவைத் திறக்கவில்லை. காபி கொடுக்கப் போனபோது பார்த்தேன், லேப்டாப் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்னடா இது என்றதும் அழுதுவிட்டான்.

அந்த மெயிலைக் காட்டினான். உன் பாஸ்வேர்டு இது, உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் உன் தொடர்புகள் எல்லோருக்கும் அனுப்புவேன். பாஸ்வேர்டு உண்மையானது, பிளஸ் டூ படிக்கும்போது வைத்தது. அதனால்தான் முழுவதையும் நம்பிவிட்டான். "அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாத" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மெயிலின் முதல் வரியைத் தேடுபொறியில் போட்டேன். வரிக்கு வரி அதே மெயில் 2018 முதல் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. எப்போதோ ஏதோ இணையதளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே வார்த்தைகளால் மிரட்டுகிறார்கள். படமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை அவனுக்குக் காட்டியபிறகுதான் சாப்பிட்டான். பிளாஸ்திரியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இப்படி ஒரு மெயில் உலாவுகிறது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய சர்வர்:

ஈரோடு அக்கா, நல்ல வேலை செய்தீர்கள். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் தம்பியின் முகவரியைப் போட்டால் எந்தெந்தக் கசிவில் அது இருந்தது என்று காட்டும். அந்தப் பழைய பாஸ்வேர்டு வேறு எங்கேயாவது இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:

கொளத்தூர் சார், ஒரு சந்தேகம். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுத்தானே பட்டியல் விற்பார்கள்? வெட்டாமல் வந்திருக்கிறது என்றால் அது பெரிய வியாபாரியின் வேலையாகத் தெரியவில்லை.

கொளத்தூர் அப்பா:

எனக்கும் அப்படித்தான் படுகிறது. உள்ளே இருக்கும் ஒருவர் எக்செல் ஷீட்டை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார், மதிப்பெண்ணோடு. மெயிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். கட்டணத்தின் கடைசித் தவணை கட்டப் போகும்போது அதை மேலாளர் மேஜையில் வைத்து, எழுத்துப்பூர்வமாகப் பதில் கேட்கப் போகிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள்.

பனியன் ஊர்க்காரன்:

வைகைக்கரை, உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஸ்பேம் வேறு மோசடி வேறு என்றீர்கள். எங்கள் விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று தோண்டிப் பார்த்தோம். கொரியர் பார்சல் நிற்கிறது, லாகின் செய்து முகவரியை உறுதிசெய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் வருமே, அந்த மெயில்தான். சாம்பிள் பார்சல்கள் தினமும் வருகிற ஆபீஸ், யாரோ பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன மாதிரி லட்சம் பேருக்கு இறைத்ததுதான். அதில் சிக்கிய ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துதான் எங்கள் கணக்கைப் படித்திருக்கிறான்.

இப்போது வங்கிக் கணக்கு மாற்றம் என்று யாரிடமிருந்து மெயில் வந்தாலும், மெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லை, எங்கள் டைரியில் இருக்கும் பழைய எண்ணுக்குப் போன் போட்டு, பழகிய குரலைக் கேட்டபிறகுதான் அக்கவுண்ட்ஸ் பிரிவு கை வைக்கும். எங்கள் இன்வாய்ஸின் அடியிலும் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறோம், எங்கள் வங்கிக் கணக்கு மெயில் மூலமாக மாறாது என்று. ஸ்பெயின் பையருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். பதில் வரவில்லை.