மறு: ‘ஸ்டூடண்ட் வெர்ஷன்’ வாட்டர்மார்க்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளின் மாணவர் பதிப்பில் செய்த கோப்பில் ‘தொழிலுக்கு அல்ல’ என்று ஒட்டிக்கொள்ளும் அடையாளத்துக்குத்தான் சொல் தேடுகிறோம். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

> வாட்டர்மார்க்குக்கு நீர்க்குறி ஏற்கெனவே இருக்கிறது. ‘மாணவர் பதிப்பு நீர்க்குறி’ என்றால் போதாதா?

போதாது என்பது என் கட்சி. நீர்க்குறி தாள் பட்டறையில் பிறந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் ஃபாப்ரியானோவில் தாள் செய்தவர்கள், கூழை அள்ளும் சல்லடையில் கம்பியை வளைத்துக் கட்டினார்கள். கம்பி இருந்த இடத்தில் தாள் மெலிந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவம் தெரியும். ‘இது இன்னார் செய்த தாள், அசல்’ என்று சாட்சி சொல்வதே அதன் வேலை. நாம் பேசும் குறி இதற்கு நேர்மாறு. ‘இதைத் தொழிலுக்கு எடுக்காதே’ என்று ஓரத்தில் கொட்டை எழுத்தில் வந்து நிற்கிறது. இன்னொரு நண்பர் சொன்ன ‘நீரெழுத்து’ இன்னும் மோசம். நீர்மேல் எழுத்து என்றால் நிலைக்காதது. இதுவோ போ போ என்றாலும் போகாது.

போகாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டட வரைபடத் தொகுதியை மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய முழு உரிமம். முதல் ஏ1 ஷீட் பெரிய தாள் அச்சிடும் பிளாட்டரிலிருந்து இறங்குகிறது, நான்கு ஓரங்களிலும் ‘கல்விப் பதிப்பில் உருவாக்கப்பட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. இரண்டாவது ஷீட்டிலும் அதே வரி. தேடித் தேடிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாற்காலி! வெளியாள் ஒருவர் தன் மாணவர் பதிப்பில் வரைந்து அனுப்பிய நாற்காலி பிளாக்கை, அதாவது எடுத்துச் செருகும் ஆயத்தப் படத்தை, எங்களில் யாரோ தளப்படத்தில் செருகியிருக்கிறோம். நாற்காலியை அழித்தோம், பயன்படாமல் கோப்பில் தங்கியதை நீக்கும் பர்ஜ் செய்தோம், சேமித்தோம். வரி அப்படியே இருந்தது. அந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஷீட்டுகளுக்கும் போயிருந்தது. கடைசியில் ஒவ்வொன்றையும் டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பாக்கி, திரும்ப ஆட்டோகேட்டின் வழக்கமான டிடபிள்யூஜி ஆக்கி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

> புதிய ஆட்டோகேட்டில் இந்தத் தொல்லையே இல்லை. வழக்கொழிந்ததற்கு எதற்குச் சொல்?

ஆட்டோகேட்டைப் பொறுத்தவரை சரிதான். 2015 பதிப்பிலிருந்து, வணிக உரிமத்தில் திறந்தால் அந்த வரி தொற்றுவதில்லை. ஆனால் முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான ஹூடினியைப் பாருங்கள். இலவசமான அப்ரண்டிஸ் பதிப்பில் சேமித்தால் கோப்பின் பின்னொட்டே ‘ஹிப்என்சி’ என்று மாறிவிடுகிறது. அதை வணிகப் பதிப்பில் திறந்தால், காசு கொடுத்த மென்பொருளும் அந்த அமர்வு முழுக்க வணிகமல்லாத நிலைக்கு இறங்கிவிடும். தாளில் எதுவும் அச்சாகாமலே ஒட்டிக்கொள்கிற குறி இது. உண்மையில் குறி என்பது கோப்புக்குள் இருக்கும் அந்த அடையாளம்தான். ஓரத்து வரி அதன் வெளிப்பாடு.

இன்னொன்றும் இருக்கிறது. வரி வராவிட்டால் தவறில்லை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். டிஎக்ஸ்எஃப் வழியாக வரியைக் கழற்றிவிடலாம், உரிமத்தின் நிபந்தனையைக் கழற்ற முடியாது. ஆகவே குறிக்கு ஒரு சொல், உரிமத்துக்கு ஒரு சொல், இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

உரிமத்துக்கு ‘மாணவர் உரிமம்’ என்று பலரும் எழுதுகிறோம். அது யாருக்கு என்பதைத்தான் சொல்கிறது, எதற்கு என்பதைச் சொல்லவில்லை. முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான ரைனோவின் மாணவர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத் தொழில்முறை வேலையும் செய்யலாம், படிப்பு முடிந்த பின்னும் பயன்படுத்தலாம். அங்கே மாணவர் என்பது வெறும் விலைச்சலுகை. அப்ரண்டிஸ் இதற்கு மறுபக்கம்: மாணவராக இருக்கவே வேண்டாம், ஆனால் கற்பதற்கும் சொந்த முயற்சிக்கும்தான், காசுக்கு அல்ல. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ‘நான்தான் மாணவனாச்சே, காசுக்கு வரைந்து கொடுத்தால் என்ன?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும். எனவே பயில்வதற்கென்று தருவதைப் பயிலுரிமம் எனலாம். அதன்கீழ் வரும் மென்பொருள் பயில்பதிப்பு. அது கோப்பில் விடும் அடையாளம் பயில்குறி.

‘பயிற்குறி’ என்று திருத்த யாரும் கிளம்ப வேண்டாம். இது வினைத்தொகை, கொல்களிறு கொற்களிறு ஆகாததுபோல இதுவும் மாறாது. மாறினால் காதுக்குப் பயிர் வேறு வந்து நிற்கும்.

அடுத்து, அது பரவுவதற்கு ஒரு வினை வேண்டும். ‘தொற்றுக்குறி’ என்றால் மருத்துவர்கள் நோய் அறிகுறி என்று எடுத்துக்கொள்வார்கள். ஒட்டுவாரொட்டி என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. நீளம் கருதி விட்டுவிட்டேன், மனசில்லாமல்தான். தனிமடலில் ஒருவர் ‘தீட்டு’ என்றார். தொட்டால் ஒட்டும், வரைவதற்கும் அதே சொல், சிலேடை நன்றாகவே அமைகிறது. ஆனால் அந்தச் சொல் சுமந்து வரும் வரலாற்றை ஒரு மென்பொருள் கையேட்டில் கொண்டுபோய் வைக்க எனக்கு விருப்பமில்லை. என் பரிந்துரை ‘குறியேற்றம்’. துரு ஏறுவதுபோல, விஷம் ஏறுவதுபோல.

மற்றவர்கள் கருத்து?

———

> என் பரிந்துரை ‘குறியேற்றம்’.

ஐயா, அது எழுத்துகளைக் கணினி எண்களாகக் குறிக்கும் என்கோடிங்குக்கு நெடுநாளாகப் புழங்குகிறது. ‘எழுத்துருக் குறியேற்றம்’ என்று நீங்களே இங்கே எழுதியிருக்கிறீர்கள். பயில்குறி நன்றாக இருக்கிறது. பயிலுரிமம்தான் உறுத்துகிறது, வண்டி ஓட்டக் கற்பவர் வாங்கும் உரிமம்போல இல்லையா?

———

நானே எழுதி நானே மறந்திருக்கிறேன், மன்னிக்கவும். குறியேற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘படிதல்’ எப்படி? கறை படிந்த துணி என்பதுபோல, பயில்குறி படிந்த கோப்பு. படிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. சொன்ன பிறகு பார்த்தால் முன்னதைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

வண்டிக்குப் பழகுநர் உரிமம் என்பது நிலைத்துவிட்டதால் குழப்பம் வராது. வந்தாலும் பாதகமில்லை என்பேன். அதை வைத்து வண்டி பழகலாம், வாடகைக்கு ஓட்ட முடியாது. இதுவும் அப்படித்தானே?

நம் கலைச்சொல் பட்டியலில் பயிலுரிமம், பயில்பதிப்பு, பயில்குறி, குறி படிதல் ஆகிய நான்கையும் இன்றிரவு ஏற்றுகிறேன். நீர்க்குறி தன் பழைய இடத்திலேயே, தாளுக்கும் படங்களுக்கும் இருக்கட்டும்.