செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு ஆளில்லை: கட்டாயச் சுழற்சி வேண்டுமா?

வெள்ளவத்தையான்:
அடுத்த மாதம் நம் தொடர்மாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். செயலாளரும் பொருளாளரும் விலகுகிறார்கள், ஒருவரும் முன்வரவில்லை. லிப்ட் நின்றால் வாட்ஸ்அப்பில் எல்லோரும் பொறியியலாளர்கள். பதவிக்குப் பெயர் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு மாடி பொறுப்பேற்கும் கட்டாயச் சுழற்சியை முன்மொழிகிறேன்.

நாலாம் மாடி (பயப்படவேண்டாம், பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிடும் அந்த நாலாம் மாடி அல்ல):
அண்ணா, எங்கள் மாடி உரிமையாளர்களில் இருவர் லண்டனில். மற்றவர் முழங்கால் வலியோடு தனியாக வாழும் அம்மா. முறை வந்தால் காசோலையில் யார் கையெழுத்திடுவது? தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்கள் என்று சொல்வது உரிமையாளர்களைத்தான், வாடகைக்காரரை அல்ல.

கணக்காளன்:
நேரமில்லை என்பது சாட்டு. பராமரிப்புக் கட்டண நிலுவை கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, மறுநாள் காலை அவரோடு ஒரே லிப்டில் இறங்கவேண்டும். அதற்குத்தான் ஆட்கள் அஞ்சுகிறார்கள். கட்டாதவர் மீது வழக்குத் தொடரக் கூட்டுத்தாபனத்துக்கு உரிமை உண்டு. பொருளாளர் ஏன் கதவு கதவாக அலையவேண்டும்? சம்பளத்துக்கு ஒரு கணக்கெழுதுநரை வைப்போம். பொருளாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

வெள்ளவத்தையான்:
சம்பளம் எங்கிருந்து வரும்? டீசல், காவலாளி, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தண்ணீர்ப் பம்பி, இவற்றுக்கே பராமரிப்புக் கட்டணம் போதவில்லை. அதோடு, சரிபார்க்க ஆளில்லாத கணக்கெழுதுநரை விட ஆளில்லாத கதிரையே மேல்.

நாலாம் மாடி:
இரண்டு பதவிகளையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்? அறிவித்தல் அனுப்புவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் லண்டனிலிருந்தும் செய்யக்கூடிய வேலைகள். வாடகை அங்கே போகிறதல்லவா, வேலையும் கொஞ்சம் போகட்டும். பொருளாளர்தான் இங்கே இருக்கவேண்டும். அவருக்கும் ஓராண்டுதான் தவணை என்று எழுதிக் கொடுத்தால் யாராவது துணிவார்கள். ஒருமுறை ஏற்றால் ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எனக்கே இருக்கிறது.

வெள்ளவத்தையான்:
செயலாளர் விடயத்தில் உடன்படுகிறேன் தங்கச்சி. பொருளாளருக்குச் சுழற்சிதான். மாடியில் முடியாதவர்கள் இருந்தால் அடுத்த மாடிக்குப் போகட்டும். தீர்மானத்தை எழுதிக் கீழே அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறேன்.

கணக்காளன்:
பக்கத்திலேயே மாடிவாரியாக நிலுவைப் பட்டியலையும் ஒட்டுங்கள். சுழற்சியில் முதலில் வரும் மாடி கட்டணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கை தூக்குவேன்.