பெட்போர்ட் லோரி எஞ்சின் இறுகிப்போச்சு, கழற்றாமலே விடுவிக்க முடியுமா?

சிப்புட்_தோட்டம்:
வணக்கம் அண்ணன்மாரே. பழைய பெட்போர்ட் ஜே வகை லோரி, 214 கன அங்குல பெட்ரோல் எஞ்சின், ஆறு சிலிண்டர். முன்ன தோட்டத்துல ரப்பர் பால் ஏத்தின வண்டி. பல வருஷமா கொட்டகையில நிக்குது, சுங்கை சிப்புட் மழை உங்களுக்குத் தெரியும். பிளக் ஆறையும் கழற்றிட்டேன், முன்னால ஹேண்டல் போட்டுச் சுத்தினா அசையவே இல்ல. இன்னொரு லோரியில கட்டி இழுத்து, கியர் போட்டு கிளட்ச்சை விட்டா சுத்திடும்னு சொல்றாங்க. செய்யலாமா?

பழைய_போர்மன்:
இழுக்காதீங்க தம்பி. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட துருவுல பிடிச்சிருக்கும்போது சக்கரத்து வழியா வர்ற பலம் கனெக்டிங் ராடை வளைச்சிடும், இல்லன்னா பிஸ்டன்ல ரிங் உட்கார்ற விளிம்பு உடையும்.

முதல்ல எது பிடிச்சிருக்குன்னு பாருங்க. கியர் நியூட்ரல். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்க, தண்ணி பம்போ டைனமோவோ இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டரையும் தளர்த்துங்க, அதோட பல் ஃபிளைவீல்ல மாட்டிக்கிட்டாலும் எஞ்சின் செத்தமாதிரிதான் இருக்கும். அடுத்து சம்ப் (எஞ்சின் அடியில இருக்கற எண்ணெய்த் தொட்டி) போல்ட்டைத் திறங்க. எண்ணெய்க்கு முன்ன நிறைய தண்ணி வந்தா ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், பிளாக் வெடிச்சிருக்கலாம். அப்ப ஊறவச்சுப் பிரயோஜனமில்ல, ஹெட்டைத் திறந்தாகணும்.

தண்ணி இல்லன்னா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) பாதி, அசிட்டோன் பாதி. ரெண்டும் ஒழுங்கா கலக்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கி சிலிண்டருக்கு 50 மில்லி ஊத்துங்க. பிளக் ஓட்டையில துணி அடைச்சு ஒரு வாரம் விடுங்க, குறைஞ்சா நிரப்புங்க. அசிட்டோன் ஆவி சட்டுனு தீப்பிடிக்கும்: கொட்டகையைத் திறந்து வைங்க, பேட்டரியைக் கழற்றுங்க, சிகரெட் கிட்டவே வரக்கூடாது. பெயிண்ட்ல பட்டா உரிஞ்சிடும்.

கம்பார்_டீசல்:
அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்கமாட்டேன். நம்ம வெயில்ல அசிட்டோன் சீக்கிரம் பறந்துடும், மிச்சம் வேலை செய்யறது ஏடிஎஃப்தான். டீசலும் ஏடிஎஃப்பும் கலந்தாலும் போதும், நாள்தான் கூடும்.

ராக்கர் மூடியை (எஞ்சின் மேல வால்வுகளை மூடியிருக்கறது) திறக்காம எதையும் திருப்பாதீங்க. நிறைய பேர் இதைத்தான் விட்டுடறாங்க. வண்டி நிக்கும்போது எந்த வால்வு திறந்திருந்துச்சோ அந்த வழியாதான் ஈரக்காத்து உள்ள போகும், அந்த வால்வுத் தண்டும் அது ஏறி இறங்கற கைடுல துருப்பிடிக்கும். பிஸ்டன் விடுபட்டதும் கேம் அந்த வால்வைத் தள்ளும், நடுவுல இருக்கற புஷ்ராட் கம்பி வளையும். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிட்டு ஒவ்வொரு வால்வையும் ரப்பர் சுத்தியலால மெல்லத் தட்டுங்க. இறங்கித் திரும்ப ஏறணும். ஏறலன்னா எண்ணெய் விட்டு ஊறவைங்க.

திருப்பறதுக்கு ஹேண்டல் வேண்டாம், அதோட பல் சில நேரம் உடையும். கிளட்ச் ஹவுசிங் அடிமூடியை எடுத்துட்டு ஃபிளைவீல் பல்லுல கடப்பாறை கொடுத்து முன்ன கொஞ்சம், பின்ன கொஞ்சம் ஆட்டுங்க. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. அங்கேயே நிறுத்தி மறுபடி ஊத்துங்க.

ராத்தா_ரிப்பேர்:
ரெண்டு வாரத்துல அசையலன்னா ஹெட்டை எடுத்துடுங்க. மரக்கட்டை வச்சு அடிக்கறதா இருந்தா சிலிண்டர்ல பாதி உயரத்துல நிக்கிற பிஸ்டனை மட்டும். மேல்முனையில இருக்கறதை அடிச்சா கிராங்க் சுத்தாது, அடி முழுக்க பேரிங்குலதான் இறங்கும்.

விடுபட்டாலும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பிளக் இல்லாமலே சுத்தவிட்டு மிச்ச திரவத்தை வெளியேத்துங்க. பிளக் போட்டுச் சுத்தினா திரவம் அமுங்காது, ராடுதான் வளையும். ஊத்தினது ரிங் வழியா கீழே இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கியிருக்கும். சம்பை இறக்கிச் சகதியையும் வலையையும் கழுவி, 20டபிள்யூ-50 புது எண்ணெய், புது ஃபில்டர் போடுங்க. காயில் வயரை எடுத்துட்டு, எண்ணெய் பிரஷர் முள் ஏறுறவரை ஸ்டார்ட்டர்ல சுத்தணும்.

பிறகு ஒவ்வொரு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்தை அமுக்கற அழுத்தம்) அளங்க. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்க. ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குறைஞ்சா கேஸ்கட். பழைய டேங்க் பெட்ரோலைத் தொடாதீங்க, தனி கேனிலிருந்து ஓட்டுங்க. முதல் இருபது நிமிஷ ஓட்டத்துக்கப்புறம் எண்ணெயை மறுபடி மாத்தணும்.

சிப்புட்_தோட்டம்:
நன்றி அண்ணே. பெல்ட்டும் ஸ்டார்ட்டரும் நாளைக்கே கழற்றிப் பார்க்கிறேன். அசிட்டோன் எங்க கிடைக்கும்?

பழைய_போர்மன்:
பெயிண்ட் கடை இல்லன்னா ஹார்ட்வேர் கடை. தின்னர் கொடுத்தா வாங்காதீங்க, அது வேற.