ஜெர்மனியில் முதல் வங்கிக் கணக்கு: அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடியும்வரை காத்திருக்கணுமா?

மாலைவெயில்:
"முதல்ல அன்மெல்டுங், அப்புறம்தான் வங்கி"ன்னு புதுசா வர்ற மாணவர்கள்கிட்ட சொல்லி அனுப்புறாங்க. சட்டம் அப்படிச் சொல்லலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான வீடு இல்லாதவருக்கும்கூட, 2016 ஜூன் முதல் 'பாசிஸ்கோன்டோ' என்ற அடிப்படை வங்கிக் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கு. பாஸ்போர்ட், விசா, கடிதம் வந்து சேரும் ஒரு முகவரி போதும். முழு விண்ணப்பம் கிடைத்து 10 வேலைநாளுக்குள் வங்கி முடிவு சொல்லணும்.

ரைன்கரை:
உரிமை இருக்குங்க, மறுக்கலை. ஆனா கவுன்டரில் முதல் கேள்வியே முகவரிப் பதிவுச் சான்றுதான். அங்கே சட்டம் பேசிட்டிருந்தா, விசாவுக்காகப் பணம் போட்டு வைக்கிற ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கக் கணக்கிலேயே, மாதாமாதம் கைக்கு வர வேண்டிய 992 யூரோ முடங்கிக் கிடக்கும். அது வெளியே வர சொந்தப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேணும். மொபைல் வங்கியில் வீடியோ அடையாளச் சரிபார்ப்பு முடிந்தால் சீக்கிரமே ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு எண் கிடைக்கும். வரி எண்ணைப் பின்னாடி கொடுத்துக்கலாம்.

மாலைவெயில்:
அங்கேதான் சிக்கல். பயன்படுத்தக்கூடிய கணக்கு ஜெர்மனியில் ஒன்று ஏற்கெனவே இருந்தால், அதையே காரணமா வச்சு பாசிஸ்கோன்டோவை மறுக்கலாம். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வீடியோவில் ஏத்துக்கவும் மாட்டாங்க. தபால் நிலையத்தில் நேரில் சரிபார்க்கும் போஸ்ட்ஐடென்ட் இருக்கிற வங்கியாப் பார்க்கிறது நல்லது.

ரைன்கரை:
நடப்புக் கணக்கே கையில் இருக்கும்போது பாசிஸ்கோன்டோ எதுக்கு? அதில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் வசதி) கேட்கும் உரிமை கிடையாது, மாதக் கட்டணமும் உண்டு.

மாலைவெயில்:
கட்டணம் நியாயமா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. ஒரு வங்கி மாதம் 8.99 யூரோ வாங்கினதை 2020-ல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு தள்ளிடுச்சு. ஓவர்டிராஃப்ட் இல்லாதது மாணவருக்கு நல்லதுதான், அந்த வட்டி கொஞ்சநஞ்சமா இருக்காது.

பொருநை:
ரெண்டு பேருமே விட்ட விஷயம் தபால்பெட்டி. கார்டும் பின் எண்ணும் தனித்தனிக் கடிதமா வரும். பெட்டியில் உங்க பெயர் இல்லைன்னா தபால்காரர் திருப்பி அனுப்பிடுவார். பகிர்ந்த வீடுன்னா பெயரை ஒட்டணும், இல்லன்னா முகவரியில் வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்கணும். இன்னொண்ணு நம்ம ஊர் ஆட்களுக்கே உள்ளது: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியா இருக்கும், ஆனா படிவம் அதைக் கட்டாயம் கேட்கும். ஷ்பெர்கோன்டோவில் பெயரை எப்படி எழுதினீங்களோ அப்படியே எழுதுங்க. இனிஷியலை ஒரு இடத்தில் விரிச்சு இன்னொரு இடத்தில் சுருக்கினால் பணம் விடுவிப்பது நின்னு போகும்.

ரைன்கரை:
பொருநை சொன்னது ரொம்ப முக்கியம். என் கருத்தில் மாற்றம் இல்லை, அவசரத்துக்கு மொபைல் வங்கிதான். ஆனா சில மொபைல் வங்கிகள் தர்ற லிதுவேனிய, பெல்ஜிய ஐபான் வந்தால் சில வீட்டு உரிமையாளர்களும் முதலாளிகளும் வேண்டாங்கிறாங்க. யூரோ பணப் பரிமாற்றத்துக்கான ஐரோப்பிய செபா விதி 260/2012 படி அப்படி மறுக்கக் கூடாது. எழுத்தில் அதைக் காட்டிக் கேளுங்க.

மாலைவெயில்:
வங்கி மறுத்தாலும் வாய்ப்பேச்சோட விட்டுடாதீங்க. பாசிஸ்கோன்டோவுக்கு நாடு முழுக்க ஒரே படிவம்தான். அதை நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டு வாங்குங்க. 10 வேலைநாள் தாண்டினாலோ, காரணம் சரியில்லைன்னாலோ, நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபினுக்கு அந்த நகலோட விண்ணப்பிக்கலாம்.